சித்திரக்கதையில் நேரம் ஓடுமா?

பதுளை வாசகி:
"சித்திரக்கதை என்பது நின்றுபோன சினிமா. நேரம் சினிமாவில்தான் ஓடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முதல் கட்டத்தில் தேயிலைச் செடியை வெட்ட ஓங்கிய கவ்வாத்துக் கத்தி. அடுத்த கட்டத்தில் தரையில் கிடக்கும் மிலாறு, வெட்டுப்பட்ட குச்சி. வெட்டு எங்கே விழுந்தது? இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடைவெளியில்தானே!

அட்டன்காரன்:
எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாமே அக்கா. சினிமா வினாடிக்கு 24 நிலைப்படம். பேசும் படம் வந்த பிறகு அதுதான் கணக்கு. உங்கள் வெள்ளை எத்தனை வினாடி?

பதுளை வாசகி:
வாசிக்கிறவர் நிற்கிற அளவு. பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் வரைந்து 1955இல் வந்த 'மாஸ்டர் ரேஸ்' சித்திரக்கதை 8 பக்கம்தான். ஓடுகிற ரயிலின் ஜன்னல் முகங்களை ஒரே கட்டத்தில் அடுத்தடுத்துத் திரும்ப வரைந்திருக்கிறார். ஒருவன் தண்டவாளத்தில் விழுகிற நொடியை ஒல்லி ஒல்லியான கட்டங்களாக நறுக்கி நீட்டியிருக்கிறார். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் ஒரு கணம் நீளுமே, அந்த நீளம் அதில் இருக்கிறது. அட்டனில் இருந்துகொண்டு இது உங்களுக்குத் தெரியவில்லையா?

அட்டன்காரன்:
எத்தனை வினாடி என்று கேட்டேன். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' சினிமாவில் குளியலறைக் கொலை சுமார் 45 வினாடி. எடுக்க 7 நாள் ஆனது. ஹிட்ச்காக் அளந்து கொடுத்ததைப் பார்க்கிறவர் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. திகிலே அதில்தான்.

கொட்டகலைத் தம்பி:
பக்கம் புரட்டுகிற இடத்தில் அதிர்ச்சியை ஒளித்து வைப்பார்களே, அதுவும் நேரம்தானே அண்ணே?

அட்டன்காரன்:
தம்பி, நீ அக்கா பக்கம் என்று ஊருக்கே தெரியும். வினாடியைச் சொல்.

பதுளை வாசகி:
சின்னப் பிள்ளையிடம் ஏன் பாய்கிறீர்கள்? கொலைக் கட்டத்தில் நான் பத்து நிமிஷம் நிற்பேன், பின்னால் புரட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். தியேட்டரில் அது நடக்குமா? அப்புறம், என்னிடம் வாங்கிப் போன இரண்டு முத்து காமிக்ஸ் எங்கே? அப்பா சேர்த்து வைத்தவை. வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. அந்த நேரமாவது ஓடியதா?

அட்டன்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். நான் இருக்கிற தோட்ட லயத்து வீட்டுக் கூரை ஒழுகியது, புத்தகம் நனைந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? வெள்ளை எத்தனை வினாடி?

பதுளை வாசகி:
நனைந்ததை இப்போதுதான் சொல்கிறீர்களா! அட்டை மட்டுமா, உள்பக்கமுமா?