வண்டி ஆயில் கறுத்துருச்சு மாமா

தம்பி (6:40): மாமா, ஆயில் மாத்தி நாலு நாள்தான் ஆச்சு. ஆயில் அளவு பார்க்குற ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா தார் மாதிரி இருக்கு. கலப்பட ஆயிலோ?

பெரிய மாமா (6:52): டீசல் இன்ஜின்ல அப்படித்தான் மாப்ள இருக்கும். எரியுறப்ப வர்ற கரியை எங்கயும் படிய விடாம தன்னோடவே மிதக்க வெச்சுக்கிறதுதான் ஆயிலோட வேலை. கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

பெரிய மாமா (6:53): பால் ஊத்துன மாதிரி வெளுத்தா தண்ணி இறங்குது. டீசல் வாடை வந்து, ஸ்டிக்ல அளவும் ஏறியிருந்தா டீசல் இறங்குது. பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

அக்கா (7:05): டின்ல என்ன போட்டிருக்குடா?

தம்பி (7:06): கெட்டித் தரம் 15டபிள்யூ-40, டீசல் ஆயில் தரக்குறி ஏபிஐ சிகே-4. வண்டி புக்லயும் அதான் இருக்கு.

பெரிய மாமா (7:11): அப்ப ஆயில்ல குறையில்ல. சிகே-4ல, ஆயில் எரிஞ்சா மிஞ்சுற சல்பேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டாது. உன் வண்டி சைலென்சர்ல புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் பில்டர் இருக்கு, சாம்பல் கூடுனா அது அடைச்சுக்கும். பிராண்டைப் பத்திக் கவலைப்படாத, அந்த சிகே-4ங்கிற எழுத்தை மட்டும் விட்றாத.

அக்கா (7:14): மாமா, இவன் வண்டி வாங்குனதுல இருந்து ஆயில் குடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தான்.

பெரிய மாமா (7:16): இதை முதல்லயே சொல்லக்கூடாதா! ஏர் பில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸைக் கழட்டு. உள்பக்கம் வெள்ளைத் துணியால துடைச்சு போட்டோ அனுப்பு.

தம்பி (8:02): [போட்டோ]
தம்பி (8:02): செம்மண் கலர்ல கோடு விழுது மாமா. கிளாம்ப் கையாலயே சுத்துது

பெரிய மாமா (8:05): பில்டரைத் தாண்டுன இடத்துல ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக்கூடாது. அந்த மண்ணு, பிஸ்டன் ஓடுற குழாயான லைனரை விடக் கடினம். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவுல போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். 40 மைக்ரானுக்குக் கீழ உள்ளது கண்ணுக்கே தெரியாது, ஆனா தேய்மானத்துல பெரும்பங்கு 10, 20 மைக்ரான் தூசியாலதான். எவ்வளவு நல்ல ஆயில் ஊத்துனாலும் இதுக்கு ஈடுகட்ட முடியாது.

தம்பி (8:07): வாராவாரம் பில்டரைத் தட்டி, காத்தடிச்சுதான் மாமா போடுறேன்

பெரிய மாமா (8:09): தட்டாதய்யா. பேப்பர் நுணுக்கமா கிழியும், ரப்பர் ஓரம் உட்காராது. பில்டர் அடைப்பைக் காட்டுற இண்டிகேட்டர் சிவப்பு காட்டுறப்ப புதுசு மாத்து. கிளாம்பையும் புதுசாப் போடு.

அக்கா (8:12): ஆயில் பில்டரை அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டுட்டான் மாமா.

பெரிய மாமா (8:15): ஆயிலோட சேர்த்து மாத்தணும்மா. அடைச்சுப்போனா பைபாஸ் வால்வு திறந்துக்கும், வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகும். பேரிங் காயுறதுக்கு அது மேல்னுதான் அப்படி வெச்சிருக்கான். மாப்ள, பழசைக் கழட்டுனதும் தூக்கிப் போட்றாத. வெட்டி, மடிப்பை விரிச்சு உலோகத் துகள் மின்னுதான்னு பாரு.

தம்பி (11:30): [போட்டோ]
தம்பி (11:31): கரிதான் மாமா. மினுமினுன்னு எதுவும் இல்ல

பெரிய மாமா (11:34): பேரிங் தப்பிச்சிருக்கு போல. லைனரை இதை வெச்சு சொல்ல முடியாது. அடுத்த தடவை ஆயில் இறக்குறப்ப இன்ஜின் சூட்டோட, நடுவுல வர்ற ஆயிலைச் சுத்தமான பாட்டில்ல பிடிச்சு லேபுக்குக் குடு. தூசியைக் காட்டுற சிலிக்கானும், லைனர் தேய்மானத்தைக் காட்டுற இரும்பும் சேர்ந்து ஏறியிருக்கான்னு பார்ப்போம். அதுவரைக்கும் தினமும் காலையில ஸ்டிக் அளவை எழுதி வை.