நாள் முழுதும் நின்றால் கால் வீங்குவது ஏன்?

கடைவீதி எழுதியது:
பதினோரு ஆண்டுகளாக ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை பார்க்கிறேன். மாலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் அப்படியே பள்ளமாகத் தெரிகிறது. கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கிறது. இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது என்கிறார்களே, காலுக்கு வந்ததை மேலே ஏற்ற அந்த விசை போதாதா? வீட்டிற்கு நடந்து போனால் மட்டும் வலி குறைவது ஏன்?

உடலியல் ஆசிரியர்:
இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனியில் இருக்கும் அழுத்தத்தின் பெரும்பகுதி நுண்ணிய குழாய்களைக் கடப்பதிலேயே செலவாகிவிடுவதால், அதை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயான சிரைக்குள் நுழையும் இரத்தத்திற்கு மிஞ்சும் உந்துதல் சிறிதுதான். அசையாமல் நிற்கும்போது ஓட்டம் நின்றுவிடுவதில்லை. ஆனால் இதயம் வரைக்குமான இரத்தத்தின் எடை முழுவதும் பாதத்துச் சிரைகளின் மேல் இறங்கி, அங்கே அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. அதனால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. நீங்கள் பார்த்த பள்ளம் அந்த நீர் விலகிய இடம்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி உள்சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மேல்நோக்கி மட்டுமே வழி விடுவதால் இரத்தம் திரும்பி இறங்குவதில்லை. நல்ல வால்வுகள் உள்ள காலில் பாதத்துச் சிரை அழுத்தம் 90-லிருந்து 30-க்கும் கீழே வந்துவிடும்.

இதை உங்கள் கையிலேயே காணலாம். மேற்கையைத் துணியால் இலேசாகக் கட்டி, முன்கையில் புடைக்கும் சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் முழங்கைப் பக்கமாக வால்வு இருக்கும் அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே கிடக்கும். கீழ்விரலை எடுத்தவுடன் நிரம்பும். ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் இதைப் படத்துடன் விளக்கினார். இத்தாலியின் பதுவா நகரில் அவருடைய ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ் இவ்வால்வுகளை முன்பே விவரித்திருந்தும், அவை ஓட்டத்தைத் தணிப்பவை என்றே கருதினார்.

மருந்தாளுநர்:
நாம் பேச்சில் சிரையையும் "நரம்பு" என்றே சொல்கிறோம். என் தாயார் இந்தச் சொல்லை நம்பி, நரம்புக்கான வைட்டமின் மாத்திரைகளைப் பல ஆண்டுகள் வீணாக விழுங்கினார். உங்களுக்கு இருப்பது வெரிகோஸ் வெயின், அதாவது சிரை புடைத்துச் சுருளும் நோய் போலத் தெரிகிறது. வால்வு பழுதடைந்து இரத்தம் பின்னோக்கி வடிவதை, ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். இறுக்கக் காலுறையை மருத்துவரிடம் கேட்டு, காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே அணியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொழிலாளர் நலன் விரும்பி:
1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தப்படி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும். கேட்டுப் பெறுங்கள், அது உங்கள் உரிமை. உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலை அவ்வப்போது உயர்த்தி இறக்குங்கள்.

கடைவீதி எழுதியது:
கையில் செய்து பார்த்தேன். விரலை எடுத்ததும் சிரை கீழிருந்து நிரம்பியது. ஸ்கேன் எடுக்க வியாழக்கிழமை விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.