ஜிடிஏ 5: ட்ரெவரிலிருந்து மைக்கேலுக்கு மாற முடியவில்லை, உதவி தேவை

நள்ளிரவு ஆட்டம்:
வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பிசியில் ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5) கதையை முதல்முறையாக ஆடுகிறேன். மைக்கேல், ஃப்ராங்க்ளின், ட்ரெவர் என்று மூன்று நாயகர்கள், ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மாறி மாறி ஆடும் கேம். நகைக்கடைக் கொள்ளை வரை எந்தத் தொல்லையும் இல்லை. மைக்கேலாக ஆடிவிட்டு நினைத்த நேரத்தில் ஃப்ராங்க்ளினுக்கு மாறுவேன், ஊரைச் சுற்றுவேன், திரும்ப மைக்கேல் வீட்டுக்கு வந்துவிடுவேன். கொள்ளை முடிந்து ட்ரெவர் வந்த பிறகுதான் சிக்கல். பாலைவனத்தில் அவன் ட்ரெய்லர் வீட்டுக்கு வெளியே நிற்கிறேன். ஆல்ட் அழுத்தினால் திரையின் வலது கீழ் மூலையில் ஆள் மாற்றும் வட்டம் கண் சிமிட்டும் நேரம் தெரிந்து மறைகிறது. ஆள் மாறுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நண்பனுடைய கன்ட்ரோலரில் ஆடினேன். அவன் போன வாரம் திரும்ப வாங்கிக்கொண்டான். இப்போது லேப்டாப் கீபோர்டுதான். எஃப்5 அழுத்தினால் மைக்கேல் வருவான் என்று எங்கோ படித்தேன். என் லேப்டாப்பில் எஃப்5 அழுத்தினால் திரை வெளிச்சம்தான் குறைகிறது.

கொள்ளைக்கு முன்னால் ஃப்ராங்க்ளினை வைத்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பிடித்து, லாஸ் சாண்டோஸ் கஸ்டம்ஸ் என்ற கார் கடையில் கையில் இருந்த காசையெல்லாம் போட்டுப் பெயின்ட் அடித்து, தெருவோரம் நிறுத்தியிருந்தேன். அது இன்னும் அங்கேயே இருக்குமா என்பதுதான் பெரிய கவலை.

வேகத்தடை:
ஃபைல் ஏதாவது கெட்டிருக்கும் ப்ரோ. அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணிப் பாருங்கள். எனக்கு வேறொரு கேமில் அப்படித்தான் சரியானது.

கீபோர்டு செல்வி:
தம்பி, தயவுசெய்து உடனே அழித்துவிடாதீர்கள். 70 ஜிபிக்குக் குறையாமல் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் ஃபைல் கெட்ட மாதிரி தெரியவில்லை. வட்டம் வருகிறதே.

உங்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் நடந்திருக்கிறது. கன்ட்ரோலர் போய்க் கீபோர்டு வந்தது ஒன்று. கதையில் ட்ரெவர் வந்தது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் கீபோர்டை முடித்துவிடுவோம்.

கன்ட்ரோலரில் கீழ் அம்பை அழுத்திப் பிடித்தபடி குச்சியைத் தள்ளியிருப்பீர்கள். இங்கேயும் அதே கணக்குத்தான். இடது ஆல்டை அழுத்தியவுடன் விடாதீர்கள், பிடித்தே இருங்கள். சுற்றிலும் எல்லாம் மெதுவாகும், வட்டம் நிற்கும். விரலை எடுக்காமல் மவுஸை வேண்டியவர் பக்கம் நகர்த்துங்கள். அவர் பகுதி நிறம் பெற்றதும் ஆல்டை விடுங்கள். மைக்கேல் நீலம், ஃப்ராங்க்ளின் பச்சை, ட்ரெவர் ஆரஞ்சு. வட்டத்தின் அடிப்பகுதியில் இருப்பது இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் ஆன்லைன் பகுதிக்கான ஆள், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எஃப்5 பற்றி நீங்கள் படித்தது சரி. எஃப்5 மைக்கேல், எஃப்6 ஃப்ராங்க்ளின், எஃப்7 ட்ரெவர். எஃப்8 ஆன்லைனுக்கு இழுத்துக்கொண்டு போகும், அதை மட்டும் தெரியாமல் தட்டிவிடாதீர்கள். லேப்டாப்பில் மேல் வரிசை விசைகள் வெளிச்சம், சத்தம் என்று வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். கீழ் இடது மூலையில் இருக்கும் எஃப்என் விசையோடு சேர்த்து எஃப்5 அழுத்துங்கள். செய்து பார்த்துவிட்டு என்ன வருகிறது என்று சொல்லுங்கள். வட்டத்தில் மற்ற இருவரும் பளிச்சென்று இருக்கிறார்களா, மங்கலாக இருக்கிறார்களா? அது முக்கியம்.

நள்ளிரவு ஆட்டம்:
அக்கா, ரொம்ப நன்றி. பிடித்தே இருந்தால் வட்டம் நிற்கிறது! இவ்வளவு நாளும் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தேன். எஃப்என் சேர்த்து அழுத்தினால் வெளிச்சமும் குறையவில்லை.

ஆனால் ஆள் மாறவில்லை. ட்ரெவர் மட்டும்தான் தெளிவாக இருக்கிறான். மற்ற இருவரும் மங்கல். மவுஸை அவர்கள் பக்கம் கொண்டுபோய் விட்டாலும் ட்ரெவராகவே நிற்கிறேன்.

பழைய ஜாய்ஸ்டிக்:
மங்கலாக இருக்கிறது என்றால் விஷயம் முடிந்தது, தம்பி. உங்கள் கேமில் எந்தக் கோளாறும் இல்லை. கதை அவர்களைப் பூட்டி வைத்திருக்கிறது.

இந்த கேமை ஆடுபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஆள் மாற்றுவதை நாம் ஒரு பொத்தான் என்று நினைக்கிறோம். எழுதியவர்கள் அதைக் கதை சொல்லும் கருவியாக வைத்திருக்கிறார்கள். யார் எப்போது எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் கதையின் ஒரு பகுதி. யோசித்துப் பாருங்கள். ஊரே பார்க்கும்படி ஒரு நகைக்கடையைக் கொள்ளையடித்த இருவர் மறுநாளே தெருவில் திரிய முடியுமா? அவர்கள் தலைமறைவாக இருக்கும் நேரத்தில் ட்ரெவர் யார் என்று நமக்குக் காட்டுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, வரைபடத்தில் ட்ரெவருடைய எழுத்து எங்கே தெரிகிறதோ அங்கே போய் அவன் மிஷன்களை (கதை தரும் வேலைகளை) வரிசையாக முடிப்பதுதான். நெர்வஸ் ரான், ட்ரெவர் ஃபிலிப்ஸ் இண்டஸ்ட்ரீஸ், கிரிஸ்டல் மேஸ் எல்லாம் இந்தப் பகுதியில் வருபவை. கடைசியாக ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைட்டட் என்று ஒன்று வரும். அது முடிந்ததும் வட்டத்தைத் திறந்து பாருங்கள். கதையை இதற்கு மேல் சொல்லமாட்டேன், நீங்களே பார்க்க வேண்டியது.

அப்புறம், இன்னும் கொஞ்ச தூரம் போனால் மூவரில் ஒருவர் மறுபடி சில நேரம் காணாமல் போவார். அப்போதும் பயப்பட வேண்டாம், அன்இன்ஸ்டால் பக்கமே போக வேண்டாம்.

ஊர்சுற்றி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், எனக்கும் இதே மாதிரி ஒன்று. மூவரும் திறந்திருக்கிறார்கள், மங்கலாக இல்லை. ஆனாலும் சில நேரம் மாற மறுக்கிறது. அதுவும் அவசரத்தில்தான் இப்படி ஆகிறது.

கீபோர்டு செல்வி:
என்ன அவசரம்? போலீஸ் துரத்துகிறதா? திரையின் மேல் வலது பக்கம், போலீஸ் தேடுவதைக் காட்டும் நட்சத்திரம் ஒன்று இருந்தாலும் மாற விடாது. மாட்டிக்கொண்டவரை அப்படியே விட்டுவிட்டு இன்னொருவராகத் தப்பிக்க வழி வைக்கவில்லை. நட்சத்திரம் மறையும்வரை ஏதாவது சந்திலோ சுரங்கப் பாதையிலோ ஒதுங்கிவிட்டு மாறுங்கள்.

மிஷனுக்கு நடுவிலும் அப்படித்தான். அதுவே மாறச் சொல்லும் இடங்களில் மட்டும் மாறலாம். த்ரீஸ் கம்பெனி மிஷன் வரும்போது பாருங்கள். ட்ரெவர் ஹெலிகாப்டர் ஓட்டுவான், மைக்கேல் கயிற்றில் கட்டிடத்தின் பக்கவாட்டில் இறங்குவான், ஃப்ராங்க்ளின் தூரத்துக் கூரையிலிருந்து குறிபார்ப்பான். ஒரே காட்சியை மூன்று பேர் கண்ணால் பார்க்க வைக்கிறார்கள். அதை ஆடி முடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பிடித்துப்போனது. மிஷனில் வட்டத்தில் ஒருவர் பகுதி சிவப்பாக மினுங்கினால் அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள், உடனே அவரிடம் போங்கள்.

ஊர்சுற்றி:
ஆமாம், நட்சத்திரம் இருந்தது. நன்றி.

மேகத்தடி:
என்னுடையது வேறு. ஆள் மாறுகிறது. ஆனால் கேமரா மேலே போய் வானத்தில் அப்படியே நிற்கிறது. அரை நிமிடம், சில நேரம் அதற்கும் மேல். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். கேம் உறைந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மூடிவிட்டேன்.

பழைய ஜாய்ஸ்டிக்:
மூட வேண்டாம், அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இந்த கேமில் ரொம்பப் பிடித்த விஷயம் இது.

இது முதலில் வந்தது 2013 செப்டம்பர் 17 அன்று, பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் மொத்த நினைவகமே 512 எம்பி. பிஎஸ்3-இல் 256 எம்பி பொதுவாக, 256 எம்பி படத்துக்காக. அவ்வளவு சின்ன இடத்தில் முழு ஊரையும் வைக்க முடியாது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள தெரு, வீடு, வண்டி, ஆட்கள் மட்டும் உள்ளே இருக்கும். நடக்க நடக்கப் பின்னால் இருப்பதை விட்டுவிட்டு முன்னால் வருவதை வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது பாலைவனத்தில் நிற்கும் ட்ரெவரிலிருந்து நகரத்தில் இருக்கும் மைக்கேலுக்குத் தாவ வேண்டும். பாலைவனத்தைக் கொட்டிவிட்டு நகரத்தை அள்ள வேண்டும். அதற்கு நேரம் தேவை. அந்த நேரத்தில் கறுப்புத் திரையில் ஒரு லோடிங் கோடு காட்டியிருக்கலாம். இவர்கள் கேமராவைப் படிப்படியாக மேலே தூக்கி, செயற்கைக்கோள் படம் மாதிரி ஊரைக் காட்டி, பக்கவாட்டில் நகர்த்தி, மறுபடி படிப்படியாக இறக்குகிறார்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது நுணுக்கம் தேவையில்லை அல்லவா? அந்த இடைவெளியில் கீழே புது ஊரை நிரப்பிவிடுகிறது. காத்திருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒருமுறை இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது மாறிப் பாருங்கள். கேமரா வானத்துக்கே போகாது, ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நேராக நகரும். அள்ள வேண்டியது ஒன்றும் இல்லாததால் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்களிடம் கேமரா வானத்தில் நிற்கிறது என்றால் டிஸ்க் இன்னும் அள்ளி முடிக்கவில்லை. பிசிக்கு 2015 ஏப்ரலில் வந்தபோது கேட்ட குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி, பரிந்துரைத்தது 8 ஜிபி. நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ஆடும்போது ப்ரௌசரை முழுவதும் மூடுங்கள், பின்னால் எதுவும் டவுன்லோட் ஓட வேண்டாம். செட்டிங்ஸில் டெக்ஸ்சர் அளவைக் குறையுங்கள். காசு செலவழிக்க முடிந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டு கேமை அதற்கு மாற்றுங்கள். மாறும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

மேகத்தடி:
நன்றி அண்ணா. ப்ரௌசரில் இருபது டேப் திறந்தே கிடந்தது. மூடிவிட்டுப் பார்த்தேன், பத்துப் பதினைந்து நொடியில் இறங்கிவிட்டது. எஸ்எஸ்டி அடுத்த மாதம்.

கீபோர்டு செல்வி:
நள்ளிரவு ஆட்டம் தம்பி, உங்கள் கார் பற்றி யாரும் சொல்லவில்லை. தெருவில் விட்ட கார் நீங்கள் வேறு ஆளாக ஆடும்போது பெரும்பாலும் இருக்காது. மூவருக்கும் கதை கொடுக்கும் சொந்த வண்டி ஒன்று உண்டு. மைக்கேலுக்கு டெயில்கேட்டர், ஃப்ராங்க்ளினுக்கு வெள்ளை பஃபலோ, ட்ரெவருக்கு சிவப்பு போதி. அவை தொலைந்தாலும் திரும்ப வரும். பிடித்த வேறு காரை அவரவர் காராஜுக்குள் விட்டுவிட்டுத்தான் மாற வேண்டும். ஃப்ராங்க்ளின் திரும்பக் கிடைத்ததும் போலீஸ் பறிமுதல் வளாகத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே இருந்தால் 250 டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

காசும் ஆயுதமும்கூட மூவருக்கும் தனித்தனி. பின்னால் லெஸ்டர் என்ற பாத்திரம் கொடுக்கும் வேலைகள் கேமுக்குள் இருக்கும் பங்குச் சந்தையை ஆட்டும். அப்போது மூன்று பேராகவும் மாறி மாறிப் போய், மூவர் காசையும் போட்டுவிட்டு ஃப்ராங்க்ளினாக வேலையைத் தொடங்குங்கள். நான் முதல்முறை ஃப்ராங்க்ளின் காசை மட்டும் போட்டுவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பழைய ஜாய்ஸ்டிக்:
இன்னொன்று, இது கட்டாயம். கதையின் முடிவில் ஒரு தேர்வு கேட்கும். அந்தத் தேர்வைப் பொறுத்து வட்டத்தில் ஓர் இடம் நிரந்தரமாகக் காலியாகலாம். அதை எந்த ரீஇன்ஸ்டாலும் திருப்பித் தராது. அதனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் போனில் குயிக் சேவ் போட்டு, தனி இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சேவ் மேல் எழுதிவிடாதீர்கள்.

வேகத்தடை:
நான் அவசரப்பட்டு ரீஇன்ஸ்டால் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். கதை பூட்டும் என்று எனக்குத் தெரியாது.

நள்ளிரவு ஆட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

நேற்று இரவு ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைட்டட் முடித்தேன். ஆல்டைப் பிடித்தேன். நீலமும் பச்சையும் பளிச்சென்று இருந்தன! மவுஸை மைக்கேல் பக்கம் நகர்த்தி விரலை எடுத்தேன். கேமரா ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று மேலே போனது, நகரத்துப் பக்கம் நகர்ந்தது, அதே மாதிரி மூன்று படியாக இறங்கியது. ஜாய்ஸ்டிக் அண்ணா சொன்னதைப் படித்த பிறகு அந்த நேரம் முழுக்க, கீழே ஒவ்வொரு தெருவாக வந்து உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

ட்ரெவரை இவ்வளவு நேரம் கட்டாயமாக ஆடியதில் ஒரு நன்மையும் இருக்கிறது. முதலில் அவனைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. இப்போது மைக்கேலாக நிற்கும்போது, அவன் ஊருக்குள் வந்துவிட்டான் என்று நினைத்தால் வயிற்றில் ஒரு கலக்கம் வருகிறது. பூட்டி வைத்ததன் காரணம் இப்போது புரிகிறது.

செல்வி அக்கா, சிவப்பு கார் தெருவிலும் இல்லை, பறிமுதல் வளாகத்திலும் இல்லை. அதே மாதிரி ஒன்று கண்ணில் படும்வரை பஃபலோவுக்கே பெயின்ட் அடிக்கப் போகிறேன்.

கீபோர்டு செல்வி:
பஃபலோ நல்ல வண்டி. ஃப்ராங்க்ளினாக ஓட்டும்போது அவனுடைய தனித்திறமையை வளைவுகளில் பயன்படுத்துங்கள், நேரம் மெதுவாகும், வண்டி சொன்னபடி கேட்கும். பெயின்ட் அடித்ததும் என்ன நிறம் என்று சொல்லுங்கள்.