யூஆர்எல்லில் வரும் பெயரை வைத்து கிளாஸை லோடு பண்ணலாமா?

இரவுஷிப்ட்:
பிஎச்பி ப்ராஜெக்ட். ரிப்போர்ட் டவுன்லோடுக்கு யூஆர்எல்லில் பிடிஎஃப், எக்செல், சிஎஸ்வி என்று ஏதாவது வரும். அதன் பின்னால் 'எக்ஸ்போர்ட்டர்' என்று ஒட்டி, அந்தப் பெயருள்ள கிளாஸுக்கே நேராக நியூ போட்டு ஆப்ஜெக்ட் உருவாக்குகிறோம். புது வடிவம் வேண்டுமா, ஒரு ஃபைல் சேர்த்தால் முடிந்தது. கோடு ரிவ்யூவில் இதை நிறுத்திவிட்டார்கள். அப்படி என்ன தப்பு?

பின்முனை:
நிறுத்தியது சரிதான். எந்த கிளாஸ் ஓட வேண்டும் என்று வெளியாள் முடிவு செய்கிறான். பாதுகாப்புக் குறைகளுக்கான சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கு 470 என்று தனி எண்ணே உண்டு. எந்தப் பெயருக்கு எந்த கிளாஸ் என்று கோடிலேயே ஒரு அர்ரே, அதாவது பட்டியல், வையுங்கள். அதில் இல்லையென்றால் 404, 'பக்கம் இல்லை' என்று திருப்பி அனுப்புங்கள்.

இரவுஷிப்ட்:
எக்ஸ்போர்ட்டர் என்று முடிகிற கிளாஸ் மட்டும்தானே வரும்?

பின்முனை:
நாளைக்கு டீமில் ஒருவர் அட்மினுக்காக 'யூசர்டேட்டாஎக்ஸ்போர்ட்டர்' எழுதுவார். அட்மின் பக்கத்தில்தான் அனுமதியைச் சோதித்திருப்பார். உங்கள் யூஆர்எல்லில் 'யூசர்டேட்டா' என்று அடித்தால் அந்தச் சோதனை வழியிலேயே வராது.

பழையஜாவா:
அதற்காகப் பெயர் சொல்லி லோடு பண்ணுவதே பாவம் என்று பேசாதீர்கள். ஜாவாவை டேட்டாபேஸோடு பேச வைக்கும் ஜேடிபிசி டிரைவரை, பெயர் கொடுத்தால் கிளாஸை ஏற்றும் கிளாஸ் டாட் ஃபார்நேம் போட்டுத்தான் வருஷக்கணக்காக ஏற்றினோம். 2006-இல் ஜாவா 6 வந்த பிறகுதான் அந்த வரி தேவைப்படாமல் போனது. பைதான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் இன்றும் மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துபோகும் இடைநிலைக் கோடு) பட்டியல் முழுக்க ஸ்ட்ரிங்தான், வெறும் எழுத்தாக எழுதிய பெயர்கள். பெயர் நாமே எழுதும் கான்ஃபிக் ஃபைலிலிருந்து வந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

பின்முனை:
எனக்கு அதிலும் கொஞ்சம் உண்டு. கிளாஸை ரீநேம் பண்ணிப் பாருங்கள், ஸ்ட்ரிங்கில் இருக்கும் பெயரை எல்லா எடிட்டரும் மாற்றாது. ஓடும்போதுதான் வெடிக்கும்.

இரவுஷிப்ட்:
சரி, நியூ போட்டபின் எக்ஸ்போர்ட்டருக்கான இன்டர்ஃபேஸ் (கிளாஸில் என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்) பொருந்துகிறதா என்று பார்த்தால்?

பின்முனை:
அதற்குள் கன்ஸ்ட்ரக்டர், அதாவது நியூ போட்டவுடன் தானாக ஓடும் கோடு, ஓடி முடிந்திருக்கும். சோதனை நியூவுக்கு முன்னால் வர வேண்டும். அப்போதும் நான் சொன்ன அட்மின் கிளாஸ் தாராளமாகப் பாஸ் ஆகும், அதுவும் அதே இன்டர்ஃபேஸ்தானே.

சர்வர்காவலன்:
இன்னொன்று. பிஎச்பிக்கு கிளாஸ் பெயரில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து ஒன்றுதான். லினக்ஸில் ஃபைல் பெயருக்கு அப்படி இல்லை. விண்டோஸ் லேப்டாப்பில் ஜோராக ஓடும், சர்வரில் ஏற்றினால், கிளாஸ் பெயரை வைத்து ஃபைலைத் தேடும் ஆட்டோலோடர் கிளாஸ் இல்லை என்று கைவிரிக்கும்.

இரவுஷிப்ட்:
அர்ரே வைத்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஃபைலைத் தொடணுமே.

பின்முனை:
கூடுதலாக ஒரே ஒரு வரி. அதையும் ஸ்ட்ரிங்காக அடிக்காமல், கிளாஸ் பெயருக்குப் பின் டபுள் கோலன், கிளாஸ் என்று போடுங்கள். பிஎச்பி 5.5-இலிருந்தே இருக்கிறது. ரீநேம் பண்ணினால் எடிட்டரே மாற்றிக்கொள்ளும்.

இரவுஷிப்ட்:
மூன்று வடிவத்துக்குச் சரி. முப்பது ஆனால் மறுபடி சண்டைக்கு வருவேன்.