மணிக்கு 10,000 லிட்டர் என்றார்கள், காலை ஒன்பது மணிக்கே தீர்ந்துபோனது: சாஃப்ட்னர் அனுபவங்கள்

கோவை, தங்கும் விடுதிப் பராமரிப்பு

64 அறைகள் உள்ள ஒரு விடுதியில் பராமரிப்பு பார்க்கிறேன். சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய எங்கள் ஊர் நாக்குக்குப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதற்கு இங்கே பெயரே உப்புத் தண்ணீர்தான். மாநகராட்சி இணைப்பில் வருவது சமையலறைக்கே சரியாகிவிடும். குளியல், துவைப்பு, கழுவல் எல்லாம் 900 அடி போர் தண்ணீரில்தான் நடக்கிறது.

நான் வேலைக்குச் சேரும்போதே சாஃப்ட்னர் இருந்தது, அதாவது தண்ணீரின் கடினத்தை எடுத்து மென்னீராக்கும் பிளாண்ட். "10,000 லிட்டர் பிளாண்ட்" என்று சொல்லி ஒப்படைத்தார்கள். ஆனாலும் மாதத்துக்கு நாலைந்து கெய்சர் எலிமெண்ட் போய்க்கொண்டே இருந்தது. கழற்றினால் எலிமெண்ட் மேல் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். ஷவர் துளைகளை வாரம் ஒரு நாள் ஊசியால் குத்தி எடுக்கவே ஒரு ஆள் தனியாக வேண்டும்.

ஒரு நாள் முதலாளி, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். உள்ளே போகிற தண்ணீர் 1,600, வெளியே வருவது 1,630. "குறையவே இல்லையே, இது எதுக்கு?" என்று அதைக் கழற்றி எறியச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தண்ணீரில் விடும். கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் கூடவும் செய்யும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் கிட் ஒன்றுதான் வழி. சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து போட்டால் கடினத் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். நல்ல மென்னீராக இருந்தால் முதலிலேயே நீலம்தான்.

கிட் வாங்கி மூன்று நாள் மணிக்கு ஒரு தடவை எழுதி வைத்தேன். காலை 5 மணிக்கு கடினம் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்). 8 மணிக்கு 15. 9 மணிக்கு 240. 10 மணிக்கு 700. போர் தண்ணீரே 720தான். அதாவது காலை பத்து மணிக்கு மேல் அது வெறும் குழாயாக இருந்திருக்கிறது. அடுத்த நாள் இரவு 2 மணிக்கு ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலை விட்டுப் புதுப்பிப்பது) ஆகும்வரை கட்டடம் முழுக்க அதே உப்புத் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது.

கணக்கு இதுதான். தொட்டிக்குள் 150 லிட்டர் ரெசின், கடினத்தைப் பிடிக்கும் பொடி மணிகள். ஒரு லிட்டர் ரெசின் நல்லபடியாக உப்பு கொடுத்தால் ஏறக்குறைய 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 150 பெருக்கல் 50, 7,500 கிராம். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 0.72 கிராம். வகுத்தால் 10,400 லிட்டர். எங்கள் செலவோ நாளுக்கு 30,000. அவர்கள் சொன்ன 10,000 என்பது ஒரு மணி நேரத்தில் அந்த வால்வு வழியாக எவ்வளவு தண்ணீர் போகலாம் என்கிற கணக்கு. ஒரு ரீஜெனரேஷனுக்கு எத்தனை லிட்டர் மென்னீர் தரும் என்பது வேறு கணக்கு. அதை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதோடு ஏப்ரல், மே வந்தால் எங்கள் போர் 980 பி.பி.எம்.முக்கு ஏறிவிடும். அப்போது 7,600 லிட்டரிலேயே தீர்ந்துவிடும். சாம்பிளை மழைக்காலத்தில் எடுத்து அதை வைத்து பிளாண்ட் வாங்குபவர்கள் கோடையில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

மாற்றும்போது முதலில் செய்தது, எல்லாத் தண்ணீரையும் சாஃப்ட்னர் வழியாக விடுவதை நிறுத்தினோம். ஃப்ளஷ் தொட்டிக்கும், தரை கழுவவும், தோட்டத்துக்கும் மென்னீர் வேண்டாம். தோட்டத்துக்கு அது கெடுதலும்கூட, சோடியம் ஏறினால் மண் இறுகிவிடும். தனி லைன் இழுக்க ஆன செலவு கொஞ்சம் வலித்தது. ஆனால் தேவை 16,000 லிட்டராக இறங்கியது. அப்புறம் 21 அங்குல விட்டம், 62 அங்குல உயரத்தில் இரண்டு எஃப்.ஆர்.பி. (ஃபைபர் பிளாஸ்டிக்) தொட்டி, ஒவ்வொன்றிலும் 200 லிட்டர் ரெசின். மேலே மூன்றில் ஒரு பங்குக்குமேல் காலியாக விட்டிருக்கிறது. பேக்வாஷ் போடும்போது, அதாவது கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது, ரெசின் உப்பி எழும்ப அந்த இடம் வேண்டும். காலை 6 முதல் 9 வரை இரண்டும் சேர்ந்து ஓடும். இரவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் ரீஜெனரேஷனுக்குப் போகும்.

குளியல் லைனில், சாஃப்ட்னருக்குள் போகாத தண்ணீர் கலக்கும் பைபாஸை லேசாகத் திறந்து 80 பி.பி.எம். வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். பூஜ்யத்தில் விட்டால் சோப்பு போகவே மாட்டேன் என்கிறது என்று விருந்தினர்கள் கீழே போன் செய்வார்கள். வழுவழு என்று இருக்கும் அந்த உணர்வு நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

குடிப்பதற்கு இந்தத் தண்ணீரை நேராகக் கொடுப்பதில்லை. 100 பி.பி.எம். கடினம் எடுத்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும். எங்கள் 720க்கு அது 330க்கு மேல் வருகிறது. இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. அதற்கு ஆர்.ஓ. தனியாக இருக்கிறது.

உங்கள் கட்டடத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

சென்னை ஓ.எம்.ஆர்., அலுவலகக் கட்டடம்

அண்ணா, உங்களுக்கு ஒரு போர், ஒரு எண். எங்களுக்கு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு எண். காலையில் வருகிற டேங்கர் 300 பி.பி.எம்., மத்தியானம் வருவது 900. எந்தக் கிணற்றில் நிரப்பினார்கள் என்று டிரைவருக்கே சில நேரம் தெரியாது. நேரம் வைத்து ரீஜெனரேஷன் ஆகிற வால்வு எங்களிடம் இருந்தது, அது இந்தத் தண்ணீருக்கு ஒத்துவரவே இல்லை. இப்போது லிட்டர் கணக்கில் ஓடும் மீட்டர் வால்வு. அதுவும் கடினம் மாறினால் ஏமாறும். அதனால் மோசமான லாரியைக் கணக்கில் வைத்தே செட் செய்திருக்கிறோம். உப்பு கூடப் போகிறது, பரவாயில்லை.

முக்கியமான மாற்றம் வேறு. லாரியை சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) இறக்கும் முன் செக்யூரிட்டி அண்ணன் ஒரு குப்பியில் பிடித்துச் சொட்டு எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதுவார். முதல் வாரம் டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு எங்களுக்கு வரும் தண்ணீரே கொஞ்சம் நல்லதாக மாறிவிட்டது.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில லாரித் தண்ணீர் வரும்போது தெளிவாக இருக்கும், சம்ப்பில் ஒரு இரவு நின்றால் செம்பழுப்பாகிவிடும். அது ரெசின் மேல் படிந்தால் உப்பு எவ்வளவு கொடுத்தாலும் மீளாது. எங்கள் முதல் ரெசின் இரண்டே வருஷத்தில் போனதற்கு அதுதான் காரணம். இப்போது முன்னால் இரும்பு ஃபில்டர் வைத்திருக்கிறோம். சம்ப்பில் கை நிறையக் குளோரின் போடுகிற பழக்கத்தையும் நிறுத்தினோம், அதுவும் ரெசினை அரிக்கும்.

இன்னொன்று, எங்கள் ரீஜெனரேஷன் கழிவு எஸ்.டி.பி.க்குத்தான் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான்) போய்க்கொண்டிருந்தது. அங்கே சுத்திகரித்த தண்ணீரைத்தான் புல்வெளிக்கு விடுகிறோம். ஆறு மாதத்தில் புல் நுனி கருகத் தொடங்கியது. தோட்டக்காரர் உரத்தை மாற்றினார், மண்ணை மாற்றினார். கடைசியில் காரணம் சாஃப்ட்னர் ரூமில் இருந்தது. கழிவு உப்பை இப்போது தனித் தொட்டியில் பிடித்து வெளியே அனுப்புகிறோம்.

ஈரோடு, மருத்துவமனை

உங்கள் இடத்தில் சாஃப்ட்னர் தவறினால் எலிமெண்ட் போகும். எங்கள் டயாலிசிஸ் பிரிவில் தவறினால் நோயாளிக்கு ஆபத்து. ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கும் சாஃப்ட்னர் தீர்ந்துபோனால் ஆர்.ஓ.வின் மெம்பிரேனில் (சவ்வில்) சுண்ணாம்பு படியும். ஆர்.ஓ.வும் சேர்ந்து தவறிக் கால்சியம் கடந்துவிட்டால் நோயாளிக்குக் குமட்டல், வாந்தி, தலைவலி, இரத்த அழுத்தம் எல்லாம் வரும்.

நான் பல வருஷம் காலையில் மட்டும் ஹார்ட்னஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். இரவு ரீஜெனரேஷன் முடிந்து புதிதாக நிற்கும் ரெசின் காலையில் எப்போதும் நல்ல எண்தான் காட்டும். பயிற்சிக்கு வந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் கேட்டார்: "கடைசி ஷிஃப்ட் முடியும்போது பார்த்திருக்கீங்களா தம்பி?" அன்றைக்கே மாலை பார்த்தேன். கை நடுங்கியது. 60 பி.பி.எம். அன்றிலிருந்து நாள் முடிவில் பார்ப்பதுதான் எங்கள் பதிவேட்டின் முதல் வரி. குளோரினை மட்டும் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னாலும் பார்க்கிறோம்.

மின்சாரம் போய் வந்தால் வால்வின் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். எங்களுடையது பழைய மாடல், மூன்று மணி நேரம் பின்தங்கி நின்றது ஒருமுறை. நோயாளிகள் மெஷினில் இருக்கும்போது ரீஜெனரேஷன் தொடங்கினால் உப்புக் கரைசல் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஆர்.ஓ. தானாக நிற்கிற மாதிரி இன்டர்லாக் போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மதுரை, ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை

எனக்கு பிளாண்ட் பற்றி அவ்வளவு தெரியாது, துணி தெரியும். சாஃப்ட்னர் சரியாக ஓடினால் துண்டு மெத்தென்று இருக்கும். நின்றுவிட்டால் இரண்டாவது நாளே வெள்ளை விரிப்பு சாம்பலடித்து முறமுறப்பாகும். என்ஜினீயரிங் ஆட்களுக்குத் தெரிவதற்கு முன் லாண்டரிக்குத் தெரியும். ஆகவே லாண்டரிப் பெண்கள் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். மென்னீர் வந்த பிறகும் பழைய அளவிலேயே சோப்புத்தூள் போடாதீர்கள், நாங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம்.

ஒரு தடவை 3ஆம் மாடி ஷவர் எல்லாம் ஒரே நாளில் அடைத்தது. கழற்றினால் உள்ளே கசகசா போல தேன் நிறத்தில் பொடி மணிகள். பூச்சி முட்டை என்று ஒரு விருந்தினர் பெரிய ரகளை செய்துவிட்டார். தொட்டிக்குள் அடியில் இருக்கும் வடிகட்டி உடைந்து ரெசின் லைனில் வந்திருக்கிறது. அதை எடுத்து முடிக்க நான்கு நாள் ஆனது. இப்போது சாஃப்ட்னருக்குப் பின்னால் ஒரு வலை ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மணி தென்பட்டாலும் உடனே பிளாண்டை நிறுத்திவிடுவார்கள்.

திருச்சி, திருமண மண்டபம்

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எங்களுக்குத் தண்ணீர் தேவை முகூர்த்த நாளில்தான். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டியே கிடக்கும். ஆவணியில் திறந்தால் முதல் இரண்டு நாள் தண்ணீரில் அழுகின நாற்றம். வருஷா வருஷம் இதே கதை. ஒருவர் வந்து, குழாயில் காந்தம் மாட்டினால் போதும், உப்பே வேண்டாம் என்கிறார். மாட்டலாமா?

கோவை, தங்கும் விடுதிப் பராமரிப்பு

காந்தத்தை எங்கள் பழைய முதலாளி வாங்கி மாட்டினார் ஐயா. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கிட்டில் அதே 720. கெய்சரும் அதே வேகத்தில்தான் போனது. அந்தப் பணத்துக்கு உப்பு வாங்குங்கள்.

நாற்றம் ரெசின் ஈரத்தோடு ஒரு மாதம் அசையாமல் நிற்பதால் வருவது, உள்ளே கிருமி வளர்கிறது. ஆனி கடைசி முகூர்த்தம் முடிந்ததும் பேக்வாஷ் நன்றாகக் கொடுத்து, உப்புக் கரைசலை உள்ளே இழுக்கவிட்டு, ரின்ஸ் செய்யாமல் (தண்ணீர் விட்டு அலசாமல்) அப்படியே உப்பில் ஊறவிட்டுப் பூட்டுங்கள். ஊறுகாய் போட்டு வைப்பது மாதிரிதான். வால்வில் "ரீஜெனரேஷன் பாதியில் நிற்கிறது, திறக்காதே" என்று ஒரு அட்டை கட்டாயம் கட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது திறந்து மேல்தொட்டி முழுக்க உப்பு ஏறிவிடும்.

தூள் உப்பு வேண்டாம், அடியில் களியாகிவிடும். தூத்துக்குடிக் கல் உப்பு போதும், ஆனால் மண் அதிகமாக இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புத் தொட்டியைக் கழுவி விடுங்கள். உப்பு மேலே பாலம் மாதிரி இறுகி நின்று கீழே வெறும் தண்ணீர் இருப்பதும் உண்டு. தொட்டி நிறைந்திருக்கிறது என்று மேலே பார்த்து ஏமாறாமல், ஒரு கம்பை விட்டுக் குத்திப் பாருங்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் உப்பு வடியும்வரை ரின்ஸ் செய்து, முழு ரீஜெனரேஷன் ஒன்று கொடுங்கள். முதல் கால் மணி நேரத் தண்ணீரைக் கழிவில் விடுங்கள். கிட்டில் சொட்டு விடாமலே நீலம் வந்தால் மேல்தொட்டி வால்வைத் திறக்கலாம்.