ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூளைப் பயிற்சி: ஸ்கோர் ஏறவே மாட்டேங்குது, உதவுங்க

மழைத்துளி:
அப்பாவுக்குக் கம்ப்யூட்டர்ல ஞாபகப் பயிற்சி கொடுக்குறோம். ஒரே படம் இருக்குற சீட்டுகளை ஜோடி சேர்க்குற விளையாட்டு. மூணு வாரமா ஸ்கோர் நின்ன இடத்துலயே நிக்குது. வேற நல்ல ஆப் இருந்தா சொல்லுங்க, அவசரம்.

கரிசல்:
ஸ்ட்ரோக் வந்து எத்தனை மாசம்? எந்தப் பக்கம் கை கால் வரல? பேச்சு எப்படி? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

வேங்கை:
நேரம் பத்தாது, அதான். தினமும் ஒரு மணி நேரம் விடாம உட்கார வைங்க. திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் மூளை வழிக்கு வரும். எங்க அம்மாவுக்குக் கை அப்படித்தான் வந்துச்சு.

மூத்தவன்:
இதையே எத்தனை பேர் கேப்பீங்க? பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டு எழுதுங்க. விளையாட்டுப் பயிற்சியால விளையாட்டுத் திறமைதான் கூடும். 2010ல நேச்சர் இதழ்ல 11,430 பேரை வெச்சு 6 வாரம் நடந்த ஆய்வு வந்துச்சு. பழகின பயிற்சியில முன்னேறினாங்க, மத்த திறமைக்கு அது தாவல. மிகையா விளம்பரம் பண்ணினதுக்கு லூமாசிட்டிங்கிற மூளைப் பயிற்சி ஆப் கம்பெனி 2016ல 20 லட்சம் டாலர் கட்டிச்சு.

கரிசல்:
அந்த 11,430 பேர் பொதுமக்கள். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு அதை அப்படியே பொருத்தலாமா?

மூத்தவன்:
பலன் இருக்குன்னு சொல்றவங்கதான் காட்டணும். அடிப்படை இது.

கரிசல்:
அப்ப பலன் இல்லைன்னும் அடிச்சுச் சொல்லாதீங்க. அவர் கேட்டதுக்கு யாருமே இன்னும் பதில் சொல்லல.

மழைத்துளி:
4 மாசம் ஆச்சு. இடது கை கால் வரல. பேச்சு தெளிவு. தினம் அரை மணி. இன்னொண்ணு, வலது பக்கச் சீட்டையேதான் தொடுறார். இடது ஓரத்துல ரெண்டு வரிசை அப்படியே மூடிக் கிடக்கு, கேட்டா "எல்லாம் முடிஞ்சிருச்சே"ங்கிறார்.

சிலம்பு:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! இது ஞாபகக் கோளாறா இல்லாம இருக்கலாம். மூளையோட வலது பாதி அடிபட்டா சிலருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே கவனத்துக்கு வராது. நெக்லெக்ட்னு சொல்லுவோம். தட்டுல இடது பாதி மிஞ்சுதா பாருங்க. வெள்ளைத்தாள்ல நீளமா ஒரு கோடு போட்டு நடுவுல குறிக்கச் சொல்லுங்க. பார்வையில ஒரு பாதி போயிருந்தாலும் இப்படி ஆகும், ஆனா அவங்களுக்குப் பெரும்பாலும் அது தெரியும், தலையைத் திருப்பித் தேடுவாங்க. எதுன்னு தெரபிஸ்ட்தான் பிரிச்சுச் சொல்லணும்.

ஆப்பை மாத்த வேண்டாம். திரையோட இடது ஓரத்துல பட்டையா சிவப்பு டேப் ஒட்டுங்க. அந்தச் சிவப்பு கண்ணுல பட்ட பிறகுதான் சீட்டைத் தொடணும். ஒரு மணி நேரமெல்லாம் உட்கார வைக்காதீங்க, களைச்சா இடது பக்கம் இன்னும் விட்டுப்போகும். 10, 15 நிமிஷமாப் பிரிச்சுக்குங்க.

வேங்கை:
எங்க அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்தாங்களே.

சிலம்பு:
அவங்க செஞ்சது கைப் பயிற்சி, இது கவனம் சம்பந்தப்பட்டது.

மழைத்துளி:
கோடு போட்டுக் கொடுத்தேன். வலது முனையில இருந்து நாலு விரல் தள்ளிக் குறிச்சிட்டு, இதுதான் நடுன்னு சொல்றார். தட்டுலயும் இடது பாதி மிச்சம். பசிக்கலன்னு நினைச்சு இத்தனை நாளும் எடுத்துக் கழுவி வெச்சிட்டிருந்தோம். தட்டைத் திருப்பி வெச்சதும் மீதியையும் சாப்பிட்டார். நாளைக்குத் தெரபிஸ்ட்கிட்ட அந்தத் தாளைக் காட்டுறேன். நன்றி சிலம்பு.