ஹீல்ஸ், சேலை, "என் இஷ்டம்": உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டர்பன் மல்லி:
போன வருஷம் ஆகஸ்ட் 9, நம் தென்னாப்பிரிக்க மகளிர் தினத்துக்கு முந்தின நாள், ஆபீஸ் விழா. பெண்கள் சேலையும் ஹீல்ஸும் போட்டு வரணுமாம், மேலிடத்து உத்தரவு. திரையில் 1956 ஆகஸ்ட் 9 படம்: கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டோடுதான் நடமாடணும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவில் திரண்ட 20,000 பெண்கள். (முன்னணியில் நம் இந்திய வம்சாவளி ரஹிமா மூசாவும்.) என் பக்கத்தில் இருந்தவளோ மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிக் குதிகால் ரத்தத்தை டிஷ்யூவால் ஒற்றிக்கொண்டிருந்தாள். போட்டோ என்றதும் பல்லைக் கடித்து மறுபடி மாட்டினாள். கேட்டால், "யாரும் கட்டாயப்படுத்தலையே, பிடிச்சுத்தான் போடறேன்" என்றாள். இன்னும் உறுத்துகிறது.

சாட்ஸ்வொர்த் பொண்ணு:
அக்கா, அவங்க கால், அவங்க செருப்பு. என் பட்டமளிப்புக்கு 4 அங்குல ஹீல்ஸ் போட்டேன். மேடையில் என்ன கம்பீரம் தெரியுமா! இறங்கியதும் ஒரு மாமா, "படிச்ச பொண்ணுக்கு இதெல்லாம் தேவையா?" என்றார். பெண்ணியம் பேசுகிறவர்களும் அவரைப் போலவே என் காலையே பார்த்தால் எப்படி?

டோங்காட் அம்மா:
மாமாவை விடு தங்கச்சி. நாளைக்குத் தட்டைச் செருப்போடு போனால் சும்மா விடுவார்களா? அதைச் சொல். 2015இல் லண்டனில் ஒரு வரவேற்பறைப் பெண் ஹீல்ஸ் போட மறுத்ததால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் கையெழுத்து. அவ்வளவு தூரம் எதற்கு, என் மகள் கடை வேலைக்குப் போன முதல் நாளே "நாளைக்கு ஹீல்ஸ்" என்றார்கள். பக்கத்தில் நின்ற பையன் காலில் டக்கீஸ், அதான் கேன்வாஸ் ஷூ!

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆன்டி:
எல்லாரும் செருப்பையே பேசுகிறீர்கள். என் ஆயாவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், பாவாடை நாடா அழுத்தி இடுப்பைச் சுற்றிக் கறுப்பு வளையம். அவ்வளவுதான் கதை. ஆனால் கேளுங்கள் பிள்ளைகளே, நாடாவை இறுக்காதீர்கள். இந்தியாவில் இரண்டு பெண்களுக்கு நாடா உராய்ந்த புண் ஆறாமல் தோல் புற்றுநோயானதை 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியிருந்தார்கள். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். வீட்டில் தளர்வாக உடுத்துங்கள். தோல் நிறம் மாறினால், செதில் உதிர்ந்தால், "பழகிப்போச்சு" என்று விடாதீர்கள். புண் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள், மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள்.

டர்பன் மல்லி:
ஆன்டி, நான் பாவாடையைப் பற்றிக் கேட்கவே இல்லையே! சரி, அப்படித் தைக்கிறவர் டர்பன் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். தங்கச்சி, அடுத்த அழைப்பில் "செருப்பு உங்கள் இஷ்டம்" என்று போடச் சொல்லப் போகிறேன். அப்புறம் எத்தனை பேர் ஹீல்ஸில் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறேன்.